நூற்றைம்பது வோல்ட் வெளிச்சம்

அலைவாய் நகரில் எல்லா வீட்டிலிருந்தும் புகார் வந்துவிட்டது, கடைசி வீட்டைத் தவிர.

மின் அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்த பேராச்சிசெல்விக்கு முதலில் உறுத்தியது அதுதான். வோல்டேஜ் இல்லையென்றால் கடைசிக் கம்பத்துக்காரர்தான் முதலில் கத்த வேண்டும். பந்தியில் பாயசம் தீர்ந்து போனால் கடைசி இலைக்காரர்தானே எழுந்து சத்தம் போடுவார்? இங்கே நடு இலைக்காரர்களெல்லாம் கூப்பாடு போட, கடைசி இலைக்காரர் வாயே திறக்கவில்லை. ஒன்று அவர் மகானாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாயச வாளியை அவரே தூக்கி வைத்திருக்க வேண்டும். செல்விக்கு மகான்கள் மீது அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களுக்கு நடுவே மேடு தட்டி எழுப்பிய குடியிருப்பு அது. ஒரே தெரு. தெரு தொடங்கும் இடத்தில் பஸ் நிறுத்தம், முடியும் இடத்தில் கடைசி வீடு, அதைத் தாண்டினால் வெள்ளை வெளேரென்று உப்பு. நகரங்களெல்லாம் வழிவிளக்குக்கு மாறிய பிறகு கட்டிய காலனி என்பதால் தெருக்கம்பத்திலிருந்து வீட்டு அடுப்படி வரை எல்லாமே அந்த ரக விளக்குதான். ஆளில்லாதபோது மினுக்கென்று இருக்கும். நாம் நடந்தால் நம் தலைக்கு மேல் பளிச்சென்று எரிந்து, அடுத்த விளக்குக்குச் சேதி சொல்லும். நாம் போய்ச் சேருவதற்குள் அது எரிந்து காத்திருக்கும். ராஜா வருகிறார், பராக் பராக் என்பது போல. மின்சாரம் பாதிக்குப் பாதி மிச்சம் என்று சொல்லித்தான் ஊர் ஊராகக் கொண்டு வந்து மாட்டினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் செல்வி வந்து இறங்கினாள். தெருவின் நடுவில் இருக்கும் வீட்டு வாசலில் நஸ்ரின் என்ற இளம்பெண் அவளை மறித்துக்கொண்டாள். இடுப்பில் நான்கு வயதுப் பையன் ஹம்தான். அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டில் நின்றவர்களுக்கே கேட்டது.

“மேடம், இந்த மிஷினப் பாருங்க. மருந்தப் புகையா ஆக்கி இவனுக்குக் குடுக்கணும். பகல்ல நல்லா ஓடுது. சாயங்காலம் ஆனா உர்ருங்குது, புகையே வர மாட்டேங்குது. போன வாரம் ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். டாக்டர் என்னய ஏசுதாவ. நான் என்ன செய்ய?”

செல்வி உள்ளே போய் பிளக்கில் மீட்டரைச் செருகினாள். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எழுபதைக் காட்டிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கியது.

“கரண்டு இருக்குல்ல மேடம்? லைட்டு எரியுதே. அப்புறம் ஏன் இது ஓட மாட்டேங்கு?”

“தண்ணிக் குழாய் மாதிரி நெனச்சிக்கோங்க,” என்றாள் செல்வி. “குழாய்ல தண்ணி இருக்கறது வேற, வேகமா வாரது வேற. அந்த வேகம்தான் வோல்டேஜு. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டுக்கு வேகமா வரும், உங்க தெருவோ அதுக்கு ரொம்பத் தூரம். குழாய் நீள நீள வேகம் கொறையும். தெருவுல யாராவது பெரிய வாளிய வச்சிப் புடிச்சா மத்தவங்களுக்குச் சொட்டுத்தான். இந்தக் காலத்து லைட்டு சொட்டுத் தண்ணியிலயும் எரிஞ்சிரும். உங்க மிஷின்ல மோட்டார் இருக்கு, அதுக்கு வேகம் வேணும்.”

“அப்ப யாரு அந்த வாளிக்காரவ?”

“அதப் பாக்கத்தான் வந்திருக்கேன்.”

நஸ்ரின் தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் உள்ள நில்லுங்க மேடம். இந்நேரத்துக்கு நாங்க யாரும் வாசல்ல நிக்க மாட்டோம். அது போவட்டும்.”

“எது?”

நஸ்ரின் பஸ் நிறுத்தத்தின் பக்கம் முகவாயை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

அங்கே முதல் கம்பத்து விளக்கு பளிச்சென்று எரிந்தது. கீழே யாருமில்லை. சற்றுப் பொறுத்து அது மங்க, இரண்டாவது எரிந்தது. பிறகு மூன்றாவது. நாயில்லை, பூனையில்லை, காற்றில் பறந்த காகிதம்கூட இல்லை. ஆனால் ஒரு ஆள், அதுவும் நாள் முழுக்க நின்று வேலை பார்த்த ஆள், கையில் பையோடு அலுப்பாக நடந்து வந்தால் எவ்வளவு நேரமாகுமோ அதே நேரத்தில் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு வெளிச்சம் நகர்ந்து வந்தது. நஸ்ரின் வீட்டு வாசலைக் கடந்தபோது செல்வி தன்னை அறியாமல் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். வழி விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பதினைந்து வருட சர்வீஸில் இறந்த லைனையும் உயிருள்ள லைனையும் தொட்டுப் பழகியவள்தான், இருந்தாலும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

பயந்தாலும் பின்னாலேயே போனாள். வெளிச்சம் கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கேட் விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், வெள்ளை வேட்டியும் மாவு படிந்த பனியனுமாக, விளக்கைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். விளக்கு வைக்கும் நேரத்தில் நம் ஊரில் எல்லாரும் செய்கிற கும்பிடுதான் அது. கேட் விளக்கு மங்கியது. வாசல் விளக்கு, கூடத்து விளக்கு, கடைசியில் அடுப்படி விளக்கு. அது எரிந்தபடியே நின்றது. அவர் உள்ளே போய், அடுப்படிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் பெயர் சுயம்புலிங்கம். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மக்ரூன் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். செல்வி கேட்காமலேயே கொட்டகைக்குள் நுழைந்தாள். ஆளுயர மின்சார அடுப்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தாள். தட்டில்லை, மாவில்லை, ஒன்றுமேயில்லை. வெறும் சூட்டைச் சுட்டுக்கொண்டிருந்தது அடுப்பு.

“தெரு வோல்டேஜு பூராத்தையும் இழுத்து இதுல எரிக்கீயளா அண்ணாச்சி? எதுக்கு?”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“எங்க வீட்டுக்காரி வாரதுக்கு மேடம்.”

அவர் மனைவி பாக்கியத்தாய் இறால் கம்பெனியில் வேலை பார்த்தவள். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, தெருவோடு நடந்து வந்து, கேட்டைத் திறந்து, நேரே அடுப்படிக்குப் போய் உலை வைப்பாள். ஒருநாள் கம்பெனியிலேயே மயங்கி விழுந்தாள், அவ்வளவுதான். அவள் போன பிறகு ஒரு சாயங்காலம், தெருவில் எல்லாரும் வண்டிக்குச் சார்ஜ் போட்ட நேரத்தில், வோல்டேஜ் தரைதட்டியது. வீட்டில் எல்லாம் மங்கிப் போய், என்ன இழவோ என்று அவர் வாசலுக்கு வந்தார். அப்போதுதான் பஸ் நிறுத்தத்திலிருந்து வெளிச்சம் நடந்து வந்தது.

“நடையப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சி மேடம். முப்பது வருசம் பாத்த நடை. அப்புறம் நீங்க லைன சரி பண்ணிட்டீய. வோல்டேஜு ஏறுச்சி, அவ வாரது நின்னுபோச்சி. நான் என்ன செய்ய? அடுப்பப் போட்டு எறக்கிப் பாத்தேன். வந்துட்டா.”

“நடுவீட்டுப் புள்ள மூச்சு விட முடியாமக் கெடக்கான், தெரியுமா?”

“ஹம்தானா? அவனுக்கு எளப்பு உண்டும். தெரியும். அதுக்கும் இதுக்கும்...”

“அவனுக்கு மருந்து குடுக்க மிஷினு கரண்டுல ஓடுது அண்ணாச்சி. நீங்க இங்க அடுப்பப் போட்டா அங்க அது நின்னுபோவும்.”

சுயம்புலிங்கத்தின் முகம் வெளிறிப் போனதைச் செல்வி பார்த்தாள். “பல்பு கொஞ்சம் மங்கும், மிக்சி ஓடாது, அவ்ளோதான்னு நெனச்சேன். சத்தியமா மேடம்,” என்றவர் ஓடிப்போய் அடுப்பின் சுவிட்சை இறக்கினார். தெருவில் வோல்டேஜ் ஏறியது. நஸ்ரின் வீட்டிலிருந்து மிஷினின் இரைச்சல் அங்கு வரை கேட்டது. அதே நொடியில் அடுப்படி விளக்கு மினுக்கென்று சுருங்கியது.

“பாதியில போயிட்டா,” என்றார் அவர், ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு.

ஏச வந்த செல்விக்கு ஏச வாய் வரவில்லை. இத்தனை திருட்டு மின்சாரம் பிடித்திருக்கிறாள், இப்படி ஒரு திருட்டை அவள் பார்த்ததில்லை.

மறுநாள் விளக்குக் கம்பெனியின் பெங்களூரு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பேசியவள் சஹானா என்ற பொறியாளர். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

“பேய் எல்லாம் இல்ல மேடம். சப்ளை நல்லா இருக்கும்போது எங்க விளக்கெல்லாம் உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்றதைக் கேக்கும். நூத்தி அறுபது வோல்டுக்குக் கீழ போனா அந்தத் தொடர்பு அறுந்துடும். நூத்தி நாப்பதுக்குக் கீழ போனா விளக்கே அணைஞ்சிடும். நடுவுல அந்தக் கொஞ்ச இடத்துல, அது தன்னோட ஞாபகத்தை வெச்சு எரியும். இந்த நேரத்துக்கு இந்த வழியா இப்படி ஒருத்தர் வருவார்னு கத்து வெச்சிருக்கும் இல்லையா, அதை.”

“அந்தம்மா செத்து ரெண்டு வருசமாச்சு. இன்னுமா ஞாபகம் இருக்கும்?”

“இருக்கக் கூடாதே. ஆள் வரலைன்னா ஒரு மாசத்துல தானா அழிஞ்சிடும். யாராவது ‘இதை வெச்சுக்கோ’ன்னு சைகை காட்டியிருக்கணும். அப்படிக் காட்டினா அழியவே அழியாது.”

“என்ன சைகை?”

“விளக்குக்கு முன்னாடி நின்னு ரெண்டு கையையும் சேர்த்துக் குவிக்கணும். டிசைன் பண்ணினது வெளிநாட்டு டீம். யாரும் தெரியாத்தனமா செஞ்சுடாத சைகையா இருக்கணும்னு ரொம்ப யோசிச்சு வெச்சாங்களாம்.”

செல்வி சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். ரொம்ப யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக. விளக்கு வைத்ததும் கும்பிடாத கை இந்த ஊரில் உண்டா? அணைந்த கரண்ட் திரும்பி வந்தால் டியூப்லைட்டைக் கூடக் கும்பிடுகிற ஜாதி நாம். சுயம்புலிங்கம் தினமும் மனைவிக்காக கேட்டில் நின்றிருக்கிறார். அவள் வந்ததும் கேட் விளக்கு எரிய, பழக்க தோஷத்தில் கும்பிட்டிருக்கிறார். விளக்கு அந்த நடையை வைத்துக்கொண்டது.

“அவர் இப்பவும் தினம் கும்பிடுதாரே. அது ஒண்ணும் பண்ணாதா?”

“ஆளே வரலைன்னா புதுசா வெச்சுக்க ஒண்ணும் இல்ல. பழசு அப்படியே இருக்கும். நிஜமா வேற ஒருத்தர் அந்த வழி முழுக்க, முதல் கம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நடந்து வந்து, அப்ப யாராவது கைகுவிச்சா, புதுசு உக்காந்து பழசு போயிடும். ஒரு நடைக்குத்தான் மேடம் அதுல இடம்.”

சிரிப்பு அடங்கியதும் செல்வி, இந்த ஊரில் எத்தனை ஆயிரம் வழிவிளக்கு இருக்கிறது, எத்தனை வாசலில் எத்தனை கை குவிந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். இருநூற்று முப்பது வோல்ட்டின் பிரகாசத்துக்கு அடியில், யார் யாரோ வீடு திரும்பக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே ஊரே அடுப்பைப் போட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரி மோட்டார் ஓடாது. யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

சுயம்புலிங்கத்துக்கு மட்டும் வழி ஒன்று கண்டுபிடித்தாள். வோல்டேஜை இறக்கித் தருகிற சின்ன டிரான்ஸ்பார்மர் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து அவர் வீட்டில் மாட்டினாள். தெருவுக்கெல்லாம் முழுசாக வரட்டும், அவர் வீட்டுக்குள் மட்டும் நூற்றைம்பது இருக்கட்டும். அதுதான் நியாயம் என்று பட்டது. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். தெருவிளக்குகள் எல்லாம் அலுவலகத்தின் சொல்பேச்சு கேட்டு மினுக்கென்று கிடந்தன. திடீரென்று கேட் விளக்கு மட்டும் எரிந்தது.

சுயம்புலிங்கம் பின்வாங்கிவிட்டார். கும்பிடவில்லை.

“வேண்டாம் மேடம். எடுத்துருங்க.”

“ஏன் அண்ணாச்சி? வந்துட்டாவள்லா?”

“நடந்து வரலையே. அங்ஙன இருந்து வந்தாத்தான அது அவ. இது என்னவோ கேட்டுல குதிச்சி நிக்க மாதிரில்லா இருக்கு. எனக்கே பயமா இருக்கு.”

செல்விக்கும் அப்படித்தான் இருந்தது. பெட்டியைக் கழற்றினாள். ஆக, வீட்டு விளக்கு மட்டும் போதாது. பஸ் நிறுத்தத்திலிருந்து தெருவே மங்கினால்தான் பாக்கியத்தாய் வருவாள். தெரு மங்கினால் ஹம்தானுக்கு மூச்சு இல்லை. இதில் என்ன சமரசம் செய்வது?

செய்ய வேண்டிய முடிவையும் சுயம்புலிங்கமே செய்தார். அதன் பிறகு அவர் கொட்டகை அடுப்பைச் சாயங்காலம் போடவில்லை. ஹம்தானுக்கு மக்ரூன் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நஸ்ரினிடம் எதையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நஸ்ரின் அழுதாளாம். அலைவாய் நகருக்கென்று தனியாகப் புது டிரான்ஸ்பார்மர் வர உத்தரவும் ஆயிற்று. அது வந்துவிட்டால் அடுப்பைப் போட்டாலும் வோல்டேஜ் இறங்காது. அது வருவதற்கு முந்தின நாள் அவர் செல்விக்குப் போன் செய்தார்.

“மேடம், ஒரே ஒரு நாளு. அவளுக்குச் சொல்லாமக் கொள்ளாம நிறுத்தக் கூடாதுல்லா? நஸ்ரின்ட்ட கேட்டுட்டேன். அந்தப் புள்ள ஹம்தானக் கூட்டிட்டு உம்மா வீட்டுக்குப் போயிருதேன்னு சொல்லிட்டு. தெருவுல எல்லாரும் சரின்னுட்டாவ.”

“சரி அண்ணாச்சி.”

“நீங்களும் வரணும். நான் கேட்டுல நிக்கணும், அதான் வழக்கம். நீங்க பஸ் ஸ்டாப்புல இருந்து அவகூட வாங்க. கடேசி நாளு, தனியா வர வேண்டாம்.”

செல்வி போனாள்.

பஸ் நிறுத்தத்தில் முதல் கம்பத்தடியில் மீட்டரோடு நின்றாள். ஒரேயடியாக இறங்கி நூற்று நாற்பதைத் தொட்டால் எல்லாமே அணைந்துவிடுமே என்ற பயம் அவளுக்கு. போனில் அடுப்பைக் கூட்டச் சொல்லி, கொஞ்சம் குறைக்கச் சொல்லி, நூற்றைம்பதில் நிறுத்தினாள். மேற்கே உப்பளத்துக்கு மேல் செக்கர் வானம் அணைந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“வாங்க போவோம்,” என்றாள் செல்வி. பக்கத்தில் யாருமில்லை என்று தெரிந்தும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடந்தாள். அடுத்த கம்பத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். அதற்குள் வெளிச்சம் முன்னே போய்விட்டது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக எட்டு வைத்து எட்டிப் பிடித்தாள். மறுபடி கம்பம், மறுபடி மீட்டர், மறுபடி ஓட்டம். தெருவில் எல்லா வாசலும் திறந்திருந்தது. இத்தனை நாள் உள்ளே பதுங்கியவர்கள் அன்று வெளியே வந்து நின்றார்கள். ஒரு கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பக்கத்தில் நடந்து வருகிற ஆளின் சூடு உண்மையாகவே தன் இடது கையில் படுகிறது என்று செல்விக்குத் தோன்றியது, தோன்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசிக் கம்பத்தைத் தாண்டிக் கேட்டுக்கு வந்து நின்றாள். கேட் விளக்கு எரிந்தது. விளக்கு வைத்த நேரம், எதிரே வெளிச்சம். சுயம்புலிங்கம் நின்றபடியே விம்மிக்கொண்டிருந்தார், அவர் கைகள் கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தன. செல்வி மீட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சார ஒரு கும்பிடு போட்டாள். நல்லபடியாகப் போய்ச் சேருங்கம்மா என்று மனதுக்குள் சொன்னாள்.

வாசல், கூடம், அடுப்படி என்று வெளிச்சம் உள்ளே போனது, செல்வியும் அடுப்படி வரை கூடவே போனாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. அலைவாய் நகருக்கு இருநூற்று முப்பது வோல்ட், தலை வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரே மாதிரி. நஸ்ரின் தன் போனிலிருந்து ஒரு படம் அனுப்பினாள், ஹம்தான் சைக்கிள் ஓட்டுகிறான். செல்விக்கு நிறைவாக இருந்தது. ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாமல் ஒரு காரியத்தை முடித்திருக்கிறோம் என்று அவள் நினைத்தது தப்பில்லை, அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐப்பசியில் பெருமழை அடித்தது. பெரிய மின்பாதையே ஓரிடத்தில் பழுதாகி, ஒரு சாயங்காலம் முழுக்க மாவட்டமே மங்கலாகக் கிடந்தது. செல்வி அன்று வீட்டுக்கே போகவில்லை. மறுநாள் காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது சுயம்புலிங்கம் போனில் வந்தார்.

“புள்ளைக்கு ஒண்ணுமில்லையே அண்ணாச்சி?” என்றாள் பதறிப்போய்.

“அவன் நல்லாருக்கான். அவனுக்குத்தான் மழைக்கால அவசரத்துக்குன்னு, ஒருதரம் மிஷின ஓட்டுத பேட்டரிப் பெட்டி நீங்க வாங்கிக் குடுத்திட்டீயளே. நான் அதுக்குக் கூப்புடல மேடம். நேத்து அவ வந்தா.”

குரலில் சந்தோஷமும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது.

“நான் போடல மேடம், தானா எறங்கிச்சி. மழைக்குள்ள கேட்டுல போயி நின்னேன். வந்தா. ஆனா நடை மாறிப் போச்சி.”

செல்வி காபி டம்ளரை மேஜையில் வைத்தாள்.

“எப்டி மாறிச்சி?”

“முன்னெல்லாம் ஒரே சீரா வருவா. எங்கயும் நிக்க மாட்டா. நேத்து கம்பத்துக்குக் கம்பம் நிக்கா மேடம். நின்னு, நின்னு, அப்புறம் பிந்திப் போச்சேன்னு வெரசலா ஓடி வாரா. மறுபடி அடுத்த கம்பத்துல நிக்கா. ராத்திரி பூரா யோசிச்சேன். இருந்திருந்தா இப்ப அம்பத்தி மூணு வயசு. முட்டு வலிக்கும்லா? எங்க அத்தைக்கும் இந்த வயசுலதான் முட்டு போச்சி. அவளுக்கும் அங்ஙன வயசாவுது போல.”

ஒரு நடைக்குத்தான் அதில் இடம் என்று சஹானா சொன்னது செல்வியின் காதில் ஒலித்தது. தெரியும். எல்லாம் தெரிந்துதான் அந்த கேட்டில் நின்றாள். தெரிந்த பிறகும் கை தானாக எழும்பியிருக்கிறது. பெற்றவள் சோறூட்டும்போதே கற்றுக்கொடுத்த கும்பிடு, யோசித்தா வரும்? இரண்டு வருடம் அழியாமல் கிடந்த ஒருத்தியின் நடையை, அவளை வழியனுப்பப் போன நாளில், தன் செருப்புக் காலால் தானே துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். இனி உலகத்தில் எந்த விளக்கிலும் பாக்கியத்தாய் இல்லை. அந்தத் தெருவில் வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வரப்போவது பேராச்சிசெல்வி, உதவிப் பொறியாளர். அவள் உயிரோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வருவாள். அவள் செத்த பிறகும் வருவாள். யாரோ ஒருவருடைய அடுப்படியில் போய் நிற்பாள்.

“மேடம்? இருக்கீயளா?”

“இருக்கேன் அண்ணாச்சி.”

“நான் சொல்லுதது சரிதான? வயசுதான?”

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். சொன்னால் அந்த மனிதருக்கு மிச்சம் என்ன? சொல்லாவிட்டால் தனக்கு மிச்சம் என்ன?

“இருக்கும் அண்ணாச்சி,” என்றாள். “வயசாவும்லா.”

“அதான் நானும் நெனச்சேன்.” அவர் குரலில் நிம்மதி வந்தது. “நம்மளோட சேந்து அவளும் கெழவி ஆவுதா, பாருங்க. மேடம், ஒண்ணு தோணுது. அடுத்த தடவ எறங்குச்சின்னா நான் கேட்டுல நிக்காம பஸ் ஸ்டாப்புக்கே போயிரலாம்னு பாக்கேன். முட்டு வலிக்காரி, கையப் புடிச்சிக் கூட்டிட்டு வந்துருதேன். என்ன சொல்லுதீய?”

அவர் நடந்து வருவார். கேட்டுக்கு வந்ததும் விளக்கு எரியும். கை எழும்பும், விளக்கில் அவர் நடையே உட்கார்ந்துவிடும். அதன் பிறகு, அவர் காத்து நிற்க அந்தத் தெருவில் அவரைத் தவிர யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

“போவாதீங்க,” என்றாள் செல்வி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “நீங்க கேட்டுலயே நில்லுங்க அண்ணாச்சி, எப்பவும் போல. பிந்தினாலும் அவங்களே வந்துருவாங்க.”